மேல்வீட்டுக்காரரின் பெருவிரல்

கட்டட வேலை நடக்கும் அந்த இடத்தில் கிரேன் ஓட்டுபவரை எல்லோரும் மேல்வீட்டுக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். தரையிலிருந்து நாற்பத்து நாலு மீட்டர் உயரத்தில், ஓர் ஆள் உட்காரும் கண்ணாடிக் கூண்டில், காலை ஏழு மணிக்குக் குடியேறினாரென்றால் சாயங்காலம்தான் இறங்குவார். பெயரை வைத்தது அவருடைய மச்சான், மனைவியின் தம்பி, அவர்கள் வீட்டிலேயே தங்கியிருந்தவன். அவனும் அங்கேதான் கீழே, தூக்க வேண்டிய சரக்குக்கு இரும்புக் கயிறு மாட்டுகிற வேலையில் இருந்தான். தினமும் முதல் சரக்கை மாட்டியதும் வாக்கிடாக்கியில் "மேல்வீட்டுக்காரரே, மோட்டாரப் போடுங்க" என்பான். பத்து வருஷம் அதே ஜோக். பத்து வருஷமும் அவனே சிரித்துக்கொள்வான்.

அந்த மச்சான் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வயது நாற்பத்தொன்று. பெருவிரலிலும் கணுக்காலிலும் வருஷக்கணக்காக வலி. யூரிக் ஆசிட் அதிகம் என்று எப்போதோ ஒரு முகாமில் யாரோ சொன்னார்கள். அதோடு சரி. வலித்தால் மருந்துக்கடை மாத்திரை ஒன்று என்றிருந்தது, வலிக்காமல் இருக்க இரண்டு என்றாகி, பிறகு சாப்பாட்டுக்கு முன்னால் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும் அளவுக்கு வந்தது. முகம் வீங்கிய பிறகுதான் மருத்துவமனைக்குப் போனான். அங்கே ஐந்து வாரம் இருந்தான்.

அடக்கம் முடிந்த நாலாம் நாள் மேல்வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டார். அழவில்லை. அழுகை வரும் என்று இரண்டு நாள் பஸ்ஸுக்குக் காத்திருப்பது போலக் காத்திருந்தார். வரவில்லை. நடந்தே போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். மேலே ஏறினார், நெம்புகோலைத் தள்ளினார், சரக்கு ஏறியது, இறங்கியது. கயிறு மாட்ட வேறொருவர் வந்திருந்தார். சிக்னல்காரர் மட்டும் பழைய ஆள். "மேல, மேல, நிறுத்து, இடது பக்கம் கொஞ்சம்" என்று அவர் குரல் வரும். கை அதன்படி செய்யும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நகரம் முழுக்கத் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் காலையில் அவருடைய இடது கால் பெருவிரல் தக்காளி மாதிரி சிவந்து வீங்கிக் கிடந்தது. ரத்தப் பரிசோதனையில் யூரிக் ஆசிட் ஒன்பது புள்ளி நாலு. காகிதத்தை அவருடைய மனைவி வாங்கிப் படித்தாள். மடித்தாள். பிறகு மறுபடி பிரித்துப் படித்தாள்.

"டாக்டர்கிட்ட போனா மாத்திரதான் எழுதுவாங்க" என்றாள். "இந்த வீட்டுக்குள்ள இனிமே ஒரு மாத்திர வரக்கூடாது. சொல்லிட்டேன்."

"சரி."

"சாப்பாட்டுலயே சரி பண்றேன். நீங்க நான் சொல்றதக் கேட்டா போதும்."

"சரி" என்றார் மறுபடியும். அவருக்கு மறுக்கவும் தோன்றவில்லை, ஏற்கவும் தோன்றவில்லை. சரி என்பதுதான் வாய்க்குச் சுலபமாக வந்தது.

அவள் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் சமையல்காரி. அறுபது பிள்ளைகளுக்கு அளந்து அளந்து போட்டுப் பழகிய கை. இப்போது அந்த அளவெல்லாம் ஒரே ஆளின் மேல் இறங்கியது. ஈரல் நின்றது, மீன் நின்றது, ஆட்டுக்கறி நின்றது. ஞாயிற்றுக்கிழமை ஒரு பாட்டில் பீர் என்று இருந்ததும், சாயங்காலம் குடிக்கும் சர்க்கரைக் குளிர்பானமும் நின்றன. காலையில் வெறும் வயிற்றில் எலுமிச்சை பிழிந்த வெந்நீர். பதினொரு மணிக்கு வெள்ளரி. ஆடை எடுத்த பால். குளிரில் உறைந்த செர்ரிப் பழம் பாக்கெட்டாக வந்தது. தினம் இருபது, எண்ணித்தான் வைப்பாள். தம்பியின் படத்துக்குக் கீழே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதினாள். எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர். ஒன்றரை லிட்டர் பாட்டில் இரண்டு, தினமும் பையில்.

"மூணு லிட்டரும் முடிச்சிட்டு காலி பாட்டில கொண்டு வாங்க."

காலி பாட்டில்தான் வந்தது. ஆனால் அவர் குடிக்கவில்லை. குடித்தால் இறங்க வேண்டும். ஏணியில் இறங்கி ஏற அரை மணி நேரம் போகும். கான்கிரீட் ஊற்றுகிற நாளில் அரை மணி கிரேன் நின்றால் கீழே இருபது பேர் கையைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்ப்பார்கள். இருபது வருஷமாக அவர் உடம்பு தாகத்தை மறந்திருந்தது. நாலு மடக்கு குடிப்பார். மீதியைச் சாயங்காலம் கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் வேப்பங்கன்றுக்கு ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போவார். கன்று நன்றாக வளர்ந்தது.

பொய் சொல்கிறோமே என்று அவருக்கு உறுத்தவில்லை. அந்த எட்டு மாதத்தில் எதுவும் உறுத்தவில்லை.

ஆறு மாதத்தில் ஐந்து கிலோ இறங்கினார். இடுப்புப் பட்டையில் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. அடுத்த பரிசோதனையில் எட்டு புள்ளி இரண்டு என்று வந்தது. அவள் முகத்தில் பல நாள் கழித்து ஏதோ அசைந்தது. "பாத்தீங்களா" என்றாள்.

அதற்கு ஒன்பதாம் நாள்.

காலையில் ஏறும்போதே விரல் உள்ளே சுருக்கென்றது. வெயில் கடுமை. பத்து மணிக்குள் காலணிக்குள் கால் கொள்ளாமல் போயிற்று. பத்தரைக்குக் காலணிக் கயிற்றை அவிழ்த்தார். பதினொன்றுக்குக் காலணியைக் கழற்றினார். காலுறை பட்டால்கூடப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. அந்த நிலையிலும் கம்பிக் கட்டு ஒன்றை எட்டாம் மாடியில் பூப்போல இறக்கிவைத்தார். கைக்கும் காலுக்கும் சம்பந்தமே இல்லாதது போலிருந்தது. பிறகு வாக்கிடாக்கியை எடுத்தார்.

"என்னால இறங்க முடியாது போலிருக்கு."

"என்ன சொல்றீங்க?" என்றார் சிக்னல்காரர்.

"கால் ஊன முடியல. விரல்."

 பிறகு சூப்பர்வைசர் குரல் வந்தது. தீயணைப்பு வண்டியைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார். ஸ்ட்ரெச்சரில் வைத்துக் கட்டித் தன்னை மூட்டை மாதிரி இறக்குவதை அவர் நினைத்துப் பார்த்தார். இருபது வருஷம் மூட்டை இறக்கியவர்.

"வேணாம். நானே வரேன். நேரமாகும்."

"அங்கயே இருங்க" என்றது சிக்னல்காரரின் குரல். "நான் வரேன்."

சிக்னல்காரருக்கு உயரம் என்றால் ஆகாது. அதனால்தான் கீழே நிற்கிற வேலையில் இருந்தார். இது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவர் ஏறி வந்தார், அண்ணாந்து மட்டுமே பார்த்துக்கொண்டு, சட்டை முழுக்க வேர்த்து ஒட்டிப்போய்.

மேல்வீட்டுக்காரர் கிரேனின் நீளக் கையைக் காற்றுவாக்கில் தானாகத் திரும்பும்படி தளர்த்திவிட்டார். ஆள் இல்லாதபோது அப்படித்தான் விட வேண்டும், இல்லையென்றால் பெருங்காற்றுக்கு எதிர்த்து நின்று முறியும். காலணியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏணிக்கு வந்தார். சிக்னல்காரர் இரண்டு படி கீழே.

"வலது கால வைங்க. இப்ப இடது குதிகால் மட்டும். குதிகால் மட்டும்னேன். என் தோள் மேல வைங்க. பரவால்ல, வைங்க."

ஏணி நெடுக, நாலு மீட்டருக்கு ஒன்றாக, நின்று மூச்சு வாங்குவதற்கு இரும்புத் தட்டு உண்டு. முதல் தட்டுக்கு வரவே பத்து நிமிஷம் ஆயிற்று. இரண்டாவதில் சிக்னல்காரர் கண்ணை மூடிக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்தார். மூன்றாவதில் இருவருமே உட்கார்ந்தார்கள்.

"இந்த வலியோடதான் அவன் வேல பாத்தானா?" என்றார் சிக்னல்காரர்.

யார் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அப்படித்தான் இருக்கும்."

"கேட்டா சும்மா சுளுக்குன்னுவான். மாத்திர வாங்கிட்டு வரச் சொல்லுவான். நானும் வாங்கிக் குடுத்தேன். அது மனசுல கெடக்கு. யார்கிட்டயும் சொன்னதில்ல."

மேல்வீட்டுக்காரர் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் பளபளவென்றிருந்தது, யாரோ மெருகு போட்டது போல.

"நானும்தான்" என்றார். "வாரம் ரெண்டு அட்ட. மூணு வருஷம். பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்துக் கடை."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

மேலும் ஏழு தட்டு இருந்தது. ஒவ்வொன்றாக இறங்கினார்கள். ஐம்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று என்று பிறகு சூப்பர்வைசர் சொன்னார். தரையில் கால் வைத்ததும் சிக்னல்காரர் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். திரும்பி வந்து, "இனிமே நீங்க மேலயே இருந்துக்குங்க, நான் வரமாட்டேன்" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். மேல்வீட்டுக்காரரும் சிரித்ததாகத்தான் அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

வேலையிடத்திலிருந்து நேராக மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மனைவி காப்பகத்து ஏப்ரனோடு வந்து சேர்ந்தாள். கையில் அந்த நோட்டுப் புத்தகம். மருத்துவர் ஓர் இளம்பெண். நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அவசரப்படவில்லை.

"நல்லா பண்ணியிருக்கீங்க. ஒன்பது புள்ளி நாலு எட்டு புள்ளி ரெண்டாகியிருக்குன்னா அது உங்க சமையல்தான். ஆனா சாப்பாட்டால இவ்ளோதாம்மா இறக்க முடியும். ஆறுக்குக் கீழ வரணும். இது இவருக்கு உடம்பு வாகு. தண்ணி எவ்ளோ குடிக்கறார்?"

"மூணு லிட்டர்" என்றாள் அவள்.

மருத்துவர் அவரைப் பார்த்தார்.

"மேல குடிக்கறதில்ல" என்றார் அவர். "ஒரு டம்ளர் இருக்கும்."

மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. நோட்டைத் தன் பக்கம் இழுத்து மூடினாள்.

"என் தம்பி மாத்திர சாப்பிட்டுத்தான் செத்தான்" என்றாள் மருத்துவரிடம். "அதனாலதான் நான் இவர இங்க கூட்டிட்டு வரல."

மருத்துவர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். வலியை மட்டும் அமுக்கும் மாத்திரை வேறு, ஆசிடைக் குறைக்கும் மாத்திரை வேறு என்று சொன்னார். முதல் வகையை யாரையும் கேட்காமல் வருஷக்கணக்காக விழுங்கினால் சிறுநீரகம் தாங்காது. இரண்டாவதை அளவோடு, ரத்தம் பார்த்துப் பார்த்துத் தினமும் கொடுத்தால் வலியே வராமல் போகும். இப்போதைக்கு வீக்கம் வடிய ஒன்று, சில நாளைக்கு. அது அடங்கியதும் மற்றது. தண்ணீரும் வெள்ளரியும் செர்ரியும் இருக்கட்டும், நல்லதுதான்.

"இவர் கிட்னி?" என்றாள் அவள்.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நன்றாக இருந்தது. அவள் அந்தக் காகிதத்தையும் இரண்டு முறை படித்தாள்.

வீட்டில் காலைத் தலையணை மேல் வைத்து ஈரத்துணியைச் சுற்றினாள். போர்வை விரலில் படாமலிருக்க ஒரு முக்காலியைக் காலுக்கு மேலே நிறுத்தி அதன் மேல் போர்த்தினாள். சாயங்கால வெளிச்சம் சுவரில் இருந்தது.

"எதுக்குப் பொய் சொன்னீங்க?" என்றாள். "வேணாம்னா வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல."

"உன்கிட்ட வேணாம்னு சொல்ல முடியல."

"ஏன்?"

"அவனுக்கு மாத்திர வாங்கிக் குடுத்தது நான்" என்றார். "மூணு வருஷம். வாரா வாரம். அவன் கேப்பான், நான் வாங்கிட்டுப் போவேன். என்னன்னு ஒரு நாள் கேட்டதில்ல."

சொல்லி முடித்த பிறகு நெஞ்சில் ஏதாவது நடக்கும் என்று எதிர்பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

அவள் துணியைப் பிழிந்து வாளி விளிம்பில் போட்டாள். எழுந்து சமையலறைக்குப் போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.  எட்டு மணிக்கு ஒரு கையில் மாத்திரையும் மறு கையில் டம்ளர் நிறையத் தண்ணீருமாக வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. அவர் விழுங்கி, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டும்வரை நின்றாள்.

பத்து நாள் அவள் பேசியதெல்லாம் "கால நீட்டுங்க", "இன்னொரு டம்ளர்", "மாத்திர" என்கிற மூன்று பேச்சுதான். அடிக்கவில்லை, வையவில்லை, அம்மா வீட்டுக்குப் போகவில்லை. அவர் அதையும் சரி என்று எடுத்துக்கொண்டார்.

ஒரு மாதத்தில் மறுபடி மேலே ஏறினார். இறங்காமலேயே ஒன்றுக்குப் போகக் கூண்டில் அகல வாய் உள்ள பிளாஸ்டிக் கேன் ஒன்று வந்தது, மூடி போட்டது. சூப்பர்வைசரே வாங்கித் தந்தார். இப்போது மூன்று லிட்டரும் உண்மையாகவே உள்ளே போயிற்று. "மேல்வீட்டுல பைப் ஒழுகுதாம்" என்று சிக்னல்காரர் வாக்கிடாக்கியில் சொன்னார். கேட்டவர்கள் சிரித்தார்கள். நாலு மாதம் கழித்து யூரிக் ஆசிட் ஐந்து புள்ளி ஏழு. நோட்டில் எழுதிக்கொண்டு அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பியின் அலமாரியைக் காலி செய்தாள். ஒரு வருஷத்துக்கு மேலாக யாரும் தொடாதது. சட்டைகளைக் காப்பகத்து வாட்ச்மேனுக்கென்று தனியாக மடித்து வைத்தாள். கடைசியில் அவன் வேலைக்குப் போட்ட தடித்த காலணி ஜோடியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"போட்டுப் பாருங்க."

போட்டார். எழுந்து அறைக்குள் நாலடி நடந்தார்.

"விரல்ல இடிக்குதா?"

"இல்ல. முன்னால கொஞ்சம் இடம் இருக்கு."

"அவனும் வீக்கத்துக்காகப் பெரிசாத்தான் வாங்கியிருப்பான்" என்றாள். அவன் இறந்த பிறகு அவனைப் பற்றி அவள் அவரிடம் சொன்ன முதல் பேச்சு அது. "என்கிட்ட சொல்லல பாருங்க. என்கிட்டயும் சொல்லல."

  அவள் குனிந்து கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள், காப்பகத்துப் பிள்ளைகளுக்குப் போடுவது போல இரட்டை முடிச்சு. பிறகு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அலமாரியின் அடித்தட்டைப் பெருக்கப் போனாள்.