கூட்டு லோரி

குமணனை நான் மன்னிக்கலை. இதை முதல்லயே சொல்லிடுறேன். முடிவில நான் மனசு மாறிடுவேன்னு யாரும் காத்துக்கிட்டு இருக்க வேணாம்.

கோலா சிலாங்கூர் டவுன்ல அவனுக்கு ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி. செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கு, பழ லோரியை எடை போடுற சிஸ்டம் செஞ்சு தர்றதுதான் தொழில். செஞ்சது யாரு? நான்தான், அன்பரசி. கல்யாணத்துக்கு முன்னாடி அங்க போய் உட்கார்ந்தவ, என் மகள் இடைநிலைப் பள்ளிக்குப் போற வரைக்கும் அந்த நாற்காலியை விட்டு எழுந்திரிக்கலை. அவன் தாத்தா எஸ்டேட்டுல கணக்கு எழுதுற கிராணி, என் தாத்தா அதே எஸ்டேட்டுல ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டினவர். வர்ற போறவங்ககிட்ட எல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பான். நானும் கூடச் சேர்ந்து சிரிச்சுத் தொலைப்பேன்.

ஏஐ வந்ததும் அவனுக்குத் தலைகால் புரியலை. நான் எழுதின புரோகிராம் மொத்தத்தையும் அதுகிட்ட கொடுத்துப் புதுசா எழுத வெச்சான். அப்புறம் ஆபீஸ்ல எல்லாரையும் கூப்பிட்டுத் திரையில காட்டினான்.

"அன்பு ஒரு மாசம் செய்யுறதை இது ஒரு மத்தியானத்துல செஞ்சிருச்சு லா! இவங்க எழுதினதுல பாதி குப்பை. அதையும் கூட்டித் தள்ளிருச்சு."

எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. நான் திரையைப் பார்த்தேன். கூட்டித் தள்ளினதுல கூட்டு லோரி விஷயமும் போயிருந்துச்சு.

அது என்னன்னா, சுங்கை ஆயர் தாவார் பக்கத்துல நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு ரெண்டு மூணு ஏக்கர்தான் தோட்டம். ஒருத்தர் வெட்டுற பழம் லோரியில பாதி கூட நிறையாது. அதனால அக்கம்பக்கத்துக்காரங்க சேர்ந்து ஒரே லோரியில ஏத்துவாங்க. இந்தத் தடவை உன் பேர்ல எடை, அடுத்த தடவை என் பேர்ல. கிடைக்கிற காசை அப்புறம் பிரிச்சுக்குவாங்க. காலங்காலமா இப்படித்தான் நடக்குது, யாருக்கும் யாரு மேலயும் சந்தேகம் கிடையாது. ஆனா மிஷின் கண்ணுக்கு எப்படித் தெரியும்? ஒரு துண்டு நிலத்துல இருந்து திடீர்னு லோரி நிறைய பழம் வருது. இவன் எங்கேயோ திருடிட்டு வர்றான்னு சொல்லும். அப்படிச் சொல்லாம இருக்கத்தான் நான் அதைத் தனியா எழுதி வெச்சிருந்தேன்.

"பாஸ், கூட்டு லோரியை எடுத்துட்டீங்கன்னா வம்பாயிடும்"னு சொன்னேன்.

"உங்களுக்கு வேலை போயிடுமோன்னு பயம், அன்பு. எனக்குப் புரியுது"ன்னு எல்லார் முன்னாடியும் என் தோள்ல தட்டினான்.

அந்த மாசமே என்னைக் கறிவேப்பிலை மாதிரி எடுத்துப் போட்டான். வீட்டுக்கு வந்து நான் அழலை. எனக்கு வயிறு எரிஞ்சுது. எந்த ஏஐயைக் காட்டி என்னைத் துரத்தினானோ, அதையே உட்கார்ந்து கத்துக்கிட்டேன். ஆர்வம் கீர்வம் ஒண்ணும் இல்லை, வன்மந்தான். வேலை கேட்டு ஷா ஆலம் வரைக்கும் போய்ப் பார்த்தேன். என் வயசைப் பார்த்துட்டு, "நாங்க கூப்பிடுறோம்"னாங்க. ஒருத்தனும் கூப்பிடலை. இந்தத் தொழில்ல இனி எனக்கு இடம் இருக்கா இல்லையான்னு தெரியாம, மகள் முகத்தைப் பார்க்கவே கூச்சமா இருந்துச்சு.

பழம் அதிகமா வர்ற சீசன்ல, அந்தப் புது புரோகிராம் ஆலையில ஓட ஆரம்பிச்ச அன்னைக்குக் காலையில தங்கமணி அண்ணி போன் பண்ணாங்க. என் பெரியப்பா மகன் சேது அண்ணனோட மனைவி. பேச முடியாம அழுதாங்க.

"ஆலை வாசல்ல லோரியை நிறுத்திட்டாங்க அன்பு. உங்க அண்ணன் போனுக்கு, 'திருட்டுச் சந்தேகம், கணக்கு முடக்கப்பட்டது'ன்னு மெசேஜ் வந்திருக்கு. அத்தனை டிரைவர் முன்னாடியும் வாசல் செக்யூரிட்டி அதைப் படிச்சுக் காட்டியிருக்கான். இவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறாராம்."

சேது அண்ணன் கீழே கிடக்கிற அடுத்தவன் தேங்காயைக் கூட எடுக்காதவரு. அவருக்கு மட்டும் இல்லை, கூட்டு லோரி கொண்டு வந்த எல்லாருக்கும் அதே மெசேஜ். வெயில்ல பழம் வீணாகிட்டு இருக்கு.

கொஞ்ச நேரத்துல குமணன் கூப்பிட்டான். எடுக்கலை. திரும்பவும் கூப்பிட்டான், திரும்பவும் எடுக்கலை. கடைசியில காரைப் போட்டுக்கிட்டு வீட்டுக்கே வந்துட்டான். கேட்டைத் திறக்காம உள்ளேயே நின்னேன்.

"அன்பு, ஏஐகிட்ட கேட்டுப் பார்த்துட்டேன். எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு சொல்லுது. ஆலை மேனேஜர் மேடம் கத்துறாங்க. நீங்க வந்து பாருங்க, ப்ளீஸ்."

"வர்றேன் பாஸ். ஆனா முதல்ல நீங்க லோரியை எடை போடுற மேடை மேல ஏறி நின்னு, அந்த டிரைவருங்ககிட்ட சொல்லணும். அவங்க திருடங்க இல்லை, தப்பு உங்களோடதுன்னு. வேலை தெரிஞ்சவளை விரட்டிட்டேன்னு."

"அன்பு, நான் ஒரு கம்பெனி முதலாளி."

"அதனாலதான் கேக்குறேன்."

வேற வழியில்லாம ஒத்துக்கிட்டான். தஞ்சோங் காராங், செக்கிஞ்சான் எல்லாம் தாண்டி அவன் கார்லயே போனோம். ஏசி குளுகுளுன்னு இருந்துச்சு. நான் சாய்ஞ்சு உட்கார்ந்து வயல்களை வேடிக்கை பார்த்துக்கிட்டே போனேன்.

ஆலையில வெயில் மண்டையைப் பிளந்துச்சு. இரும்பு எடை மேடை மேல ஏறி நின்னு, குமணன் வாயைத் திறந்தான். முதல்ல இங்கிலீஷ்ல ஆரம்பிச்சான். "தமிழ்ல பாஸ்"னேன். சொன்னான். சட்டை முதுகோட ஒட்டிப் போச்சு. "சத்தமா பேசுங்க, பின்னாடி லோரிக்குக் கேக்கலை"ன்னேன். திரும்பவும் சொன்னான். சேது அண்ணன் தலையைத் தூக்கினார். அட, அந்த நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷத்தை என்னன்னு சொல்ல!

அப்புறம் எடை ரூம்ல உட்கார்ந்து அவன் லேப்டாப்பைத் திறந்தேன். ஏஐகிட்ட கூட்டு லோரின்னா என்ன, யாரு யாரோட சேருவாங்க, முறை எப்படி மாறும்னு வரிசையா விளக்கினேன். அது எழுதிக் கொடுத்துச்சு. தப்பைத் திருத்தி, சோதிச்சுப் பார்த்து, போட்டுவிட்டேன். ஆலை மேனேஜர் வாகீஸ்வரி மேடம் எனக்குப் பின்னாடி நின்னு பார்த்துக்கிட்டே இருந்தாங்க. முடக்கின கணக்கெல்லாம் திறந்துச்சு.

"இவ்வளவு சீக்கிரமாவா? அப்போ இவர் கம்பெனி எனக்கு எதுக்கு?"ன்னு கேட்டாங்க.

"தேவையே இல்லை மேடம்"னு பட்டுனு சொன்னேன். வெளியே மேடையில நின்ன குமணனுக்கு ஜன்னல் வழியா நல்லா கேட்டுச்சு. மூஞ்சி செத்துப் போச்சு.

"சரி, நேரா உங்களோடயே ஒப்பந்தம் போட்டுக்கிறேன். ஆனா இந்தத் தோட்டக்காரங்களைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்ச எல்லாத்தையும் ஏஐக்குச் சொல்லிக் கொடுத்துடணும். ஒரே ஆளை நம்பி ஆலை ஓட முடியாது."

நியாயமான பேச்சுதான். ஆனா அங்கதான் எனக்கு இடிச்சுது. எல்லாத்தையும் கொட்டிக் கொடுத்துட்டா, அடுத்த வருஷம் நான் எங்கே?

காலையில இருந்து முதல் தடவையா குமணன் சிரிச்சான். "சொல்லிக் கொடுங்க அன்பு. கடைசியில உங்களுக்கும் என் கதிதான்"னான்.

லோரிக் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்ன சேது அண்ணன் ஜன்னல் கிட்ட வந்தார்.

"மேடம், அது இன்னைக்குத் தெரிஞ்சுக்கிட்டது இன்னைக்கு மட்டுந்தான். வர்ற வாரம் யாரு யாரோட சேருவோம்னு எங்களுக்கே இன்னும் தெரியாது. சண்டை போட்டா பிரிவோம், சம்பந்தம் பண்ணா சேருவோம். அதையெல்லாம் நாங்கதான் வாயால சொல்லணும். எங்களைத் திருடன்னு சொன்ன மிஷினுக்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம். இவர் கம்பெனி ஆளுங்களுக்கும் சொல்ல மாட்டோம். எங்க தங்கச்சி கேட்டா மட்டும் சொல்லுவோம்."

பின்னாடி நின்ன டிரைவருங்க, "ஆமா லா, அன்பரசி கேட்டாத்தான்!"னு குரல் கொடுத்தாங்க. ஒருத்தன் ஹாரனையே அமுக்கிட்டான்.

வாகீஸ்வரி மேடம் வரிசையா நின்ன லோரிகளைப் பார்த்தாங்க. அப்புறம் என்னைப் பார்த்தாங்க. "அப்போ வருஷா வருஷம் புதுப்பிக்கிற மாதிரி ஒப்பந்தம் எழுதிடலாம்"னாங்க.

குமணன் சிரிப்பை எங்க வைக்கிறதுன்னு தெரியாம இன்னும் மேடை நடுவுலயே நின்னுக்கிட்டு இருந்தான். நான் ஜன்னல்ல தலையை நீட்டினேன்.

"பாஸ், கொஞ்சம் இறங்கி நில்லுங்க. லோரி ஏறணும்."