நெயில் பாலிஷ் போட்ட முட்டைகள்

பக்கிரிக்குக் கழுத்து திரும்பவில்லை. ‘தானே’ புயலுக்குப் பிறகு கடலூரில் கொத்தனாருக்கு ஓய்வு கிடையாது. மூன்று மாதமாக அண்ணாந்து நின்று சீலிங் பூசியதில் பிடரி கல்லாகிப் போயிருந்தது. அதனால்தான் சிதம்பரத்தில் பஸ் ஏறியதும் தலையை முன்சீட்டுக் கம்பியில் சாய்த்தான். சாய்த்தவன் தூங்கிவிட்டான். ஆலப்பாக்கம் வேகத்தடையில் பஸ் எகிறியபோது மடியிலிருந்த பை கீழே விழுந்தது. பைக்குள் தவிடு, தவிட்டுக்குள் பத்து முட்டைகள்.

அக்கா கொளஞ்சியம்மாள் கொடுத்த முட்டைகள். புயலில் அவள் கோழியெல்லாம் போய் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதையும் போன வாரம் கீரி கடித்துவிட்டது. அது கடைசியாக இட்டவை இவை. அடைக்கு வைக்க வேறு கோழி இல்லை. தம்பியின் பக்கத்து வீட்டு எலெக்ட்ரீஷியன் ஆரோக்கியராஜ், தெர்மாகோல் மீன் பெட்டியில் பல்பு மாட்டிக் குஞ்சு பொரிக்கிறான் என்று கேள்விப்பட்டு பங்கு வாரத்துக்குக் கொடுத்தாள். பொரிக்கிற குஞ்சில் பாதி அவளுக்கு, பாதி தம்பிக்கு.

"பொரிச்சுது, பொரிக்கலன்ற கதயெல்லாம் எனக்கு வாணாம்டா. அஞ்சு குஞ்சு என் கைக்கு வரணும். அந்தக் கோழி வம்சம் எங்கிட்ட இருக்கணும்" என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

திருப்பாதிரிப்புலியூர் வீட்டில் தவிட்டைக் கிளறியதும் மனைவி லோகநாயகி தலையில் அடித்துக்கொண்டாள். ஆறு முட்டைகளில் விரிசல்.

"கழுத்துதான மாமா வலிச்சுது, கையுமா வலிச்சுது? புடிச்சிக்கினு வரக்கூடாது?"

ஆரோக்கியராஜ் வந்து, போர்வைக்குள் புகுந்துகொண்டு ஒவ்வொரு முட்டையாக டார்ச் அடித்துப் பார்த்தான்.

"உள்தோலு கிழியல மச்சான். ஓடுதான் கீறியிருக்கு. அடச்சிட்டா பொரிக்கும்."

அடைப்பது என்றதும் பக்கிரிக்கு உயிர் வந்தது. இருபது வருஷமாக அவன் செய்கிற வேலை. ஒரு முட்டையை எடுத்தான். கூடவே ஓர் ஆணியையும் எடுத்தான்.

"ஆணி எதுக்கு?" என்றாள் லோகநாயகி.

"விரிசல் மேல அப்டியே பூசக்கூடாதுடி. கொஞ்சம் கொத்தி அகலமாக்கிட்டுத்தான் பூசணும். அப்பதான் புடிக்கும்."

சொல்லி முடிப்பதற்குள் மஞ்சள் கரு அவன் முழங்கைவரை ஒழுகியது.

"நல்லாப் புடிச்சிக்கிச்சு" என்றாள்.

ஆணியைப் பிடுங்கிக்கொண்டு, தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கிய சிவப்பு நெயில் பாலிஷைத் தேடி எடுத்து வந்தாள். கீறல்மேல் மட்டும் மெல்லிசாக ஒரு கோடு இழுக்கச் சொன்னான் ஆரோக்கியராஜ். மூன்று முட்டைக்கு அவளே இழுத்தாள். சோறு வடிக்க அவள் உள்ளே போன நேரத்தில் மீதி இரண்டையும் பக்கிரி எடுத்துக்கொண்டான். விரிசலுக்கு மட்டும் பூசிவிட்டு வந்தால் எந்த வீட்டுக்காரன் ஒத்துக்கொள்வான்? மேலிருந்து கீழ்வரை இரண்டு கோட் கொடுத்தான்.

தெர்மாகோல் பெட்டியில் பல்பை மாட்டிவிட்டுத் திரும்பிய ஆரோக்கியராஜ் கத்தினான். "ஓட்டு வழியாதான் மச்சான் அது மூச்சு உடும்! ஜன்னலே இல்லாம ஊடு கட்டிட்டியே!"

பகலில் பாதி நேரம் கரண்ட் இல்லை. லோகநாயகி வெந்நீர் பாட்டில்களைப் பெட்டிக்குள் மாற்றி மாற்றி வைத்தாள். பக்கிரி காலையும் சாயங்காலமும் தண்ணீர் தெளித்தான். பூசிய இடத்துக்குத் தண்ணீர் காட்டாமல் இருக்க அவனால் முடியாது. இதை நிறுத்தச் சொல்வான் என்று பார்த்தால், ஆரோக்கியராஜ் தட்டிக்கொடுத்தான்.

"கீறுன முட்டைக்கு ஈரம் ஜாஸ்தி வேணும் மச்சான். தெரியாமலே ஒண்ணு உருப்படியா செஞ்சிட்ட."

இருபத்தோராம் நாள் மூன்று குஞ்சுகள் வந்தன. மறுநாள் சிவப்புக் கோடு போட்ட ஓட்டை உடைத்துக்கொண்டு இன்னொன்று. மேலும் இரண்டு நாள் பார்த்தார்கள். எதுவும் அசையவில்லை. முழுச் சிவப்பு இரண்டும் கூழாங்கல் மாதிரி கிடந்தன.

நாலு. அக்காவுக்கே ஐந்து வேண்டும்.

"நாலயும் குடுத்துட்டு உண்மையச் சொல்லிடு மாமா."

"அவ வாய்க்கு நீ வந்து பதில் சொல்றியா?" என்றான் பக்கிரி.

பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒருவர் கூடையில் சாயம் போட்ட குஞ்சுகள் விற்றுக்கொண்டிருந்தார். பச்சையும் ரோஸும்தான் இருந்தன. பக்கிரி கொஞ்சம் யோசித்து, ரோஸில் ஒன்று வாங்கி அட்டைப்பெட்டியில் சேர்த்துக்கொண்டான்.

சிதம்பரத்தில் கொளஞ்சியம்மாள் பெட்டியைத் திறந்து நான்கைத் தரையில் விட்டாள். இரண்டு கறுப்பு, இரண்டு செவலை. "அப்டியே அது ஜாடடா" என்றபோது அவள் குரல் இளகியிருந்தது. ஐந்தாவதைத் தூக்கி வெயிலில் பிடித்தாள்.

"இது என்னாடா?"

"முட்ட கீறிடுச்சுக்கா. நெயில் பாலிஷ் போட்டு அடச்சோம். உள்ள ஊறிடுச்சு போல."

அவள் முந்தானை நுனியைச் சொம்புத் தண்ணீரில் நனைத்துக் குஞ்சைத் துடைத்தாள். முந்தானை ரோஸானது, குஞ்சு வெளுத்தது.

"ஏண்டா, வெடிப்ப மறச்சி வெள்ளயடிக்கிற வேலய எங்கிட்டயே காட்டுறியா?"

பக்கிரிக்கு இப்போது கழுத்து நிமிரவும் இல்லை. அவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டீயும் போட்டுக் கொடுத்தாள். ஆனால் வெளுத்த குஞ்சை அவன் பெட்டியிலேயே திருப்பிப் போட்டாள்.

"இந்த நாலுல ஒரு பொட்ட வளந்து முட்ட வெக்கும். அந்த பல்பு பொட்டியில வெச்சி மிச்ச ஒண்ணயும் பொரிச்சிக் குடு. முட்டய நானே பஸ்ல எடுத்துக்கினு வரேன். நீ மட்டும் வராத."

நாலு குஞ்சும் அவளிடம் நின்றன. அக்காவுக்குப் பக்கிரி இன்னும் ஒரு கோழிக்குஞ்சு தர வேண்டும்.