வாலு எடுத்த மார்க்

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். படித்தது வணிகவியல். அதனால் ரத்தப் புற்றுநோய் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று குடும்பம் முடிவு செய்துவிட்டது. அக்காவின் ஆறு வயது மகளை, எங்கள் வாலுவை, வார்டில் சேர்த்ததிலிருந்து எந்தப் பரிசோதனை முடிவு வந்தாலும் நேராக என் கையில் திணிப்பார்கள்.

அந்த வார்டில் அம்மாக்கள் ரத்த எண்களை மார்க் மாதிரிதான் பேசிக்கொள்வார்கள். ஆன்டிபாடி, அதாவது கிருமியோடு மல்லுக்கட்டுகிற புரதம், பக்கத்துக் கட்டில் பையனுக்கு எண்ணூறு. வாலுவுக்கு முந்நூற்றுப் பத்து.

"எங்க பையன் எப்பவுமே நல்லா வாங்குவான்" என்றாள் அவன் அம்மா. பெருமைப்பட அவளுக்கு வேறு எதுவும் மிச்சமில்லை. விட்டுவிட்டேன்.

பெரிய டாக்டர் மாணவர்கள் புடைசூழ வந்தார். முடிவைப் பார்த்தார். ஆரம்பத்திலேயே இந்த அளவு குறைவாக இருக்கிற பிள்ளைகளில் பிழைப்பவர்கள் குறைவு என்று சில ஆய்வுகள் சொல்வதாக, வாலுவின் கால்மாட்டில் நின்றுகொண்டு மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் பாடம் எடுத்தார். எங்களுக்கு ஆங்கிலம் புரியாது என்பது அவருடைய நம்பிக்கை. எங்கள் செருப்பைப் பார்த்து வந்த நம்பிக்கை.

அவர்கள் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும் மாமா கேட்டார். மாமா என்றால் அக்காவின் கணவர், பஸ் ஓட்டுகிறவர். "என்ன சொல்லிட்டுப் போறார்?"

எனக்கு மென்று விழுங்க வராது. வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போய் அப்படியே சொன்னேன்.

 அவர் உடனே தன் அண்ணனுக்கு போன் போட்டார். "வேனை எடுத்துட்டு வா. பிள்ளைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம். தேறாதுன்னு அவங்களே பேசிக்கிறாங்க. அப்புறம் எதுக்குக் குத்திக் குத்தி..."

"மாமா, மருந்த நிறுத்தினா செத்துடுவா."

"நிறுத்தலைன்னா?"

வணிகவியலில் இதற்குப் பதில் இல்லை. டாக்டரைத் தேடி ஓடினேன். தன் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ரவுண்ட்ஸ் முடிஞ்சிடுச்சும்மா."

"நீங்க இங்கிலீஷ்ல சொன்னத அவ அப்பாகிட்ட நான் தமிழ்ல சொல்லிட்டேன். பிள்ளையத் தூக்கிட்டுக் கிளம்புறார். மிச்சத்த நீங்களே வந்து சொல்லுங்க."

"அத ஏம்மா நீ போய்..."

"அங்க நின்னு நீங்க ஏன் சார் சொன்னீங்க?"

கப்பை வைத்துவிட்டு எழுந்தார். அதற்காக நான் அவரை மன்னித்துவிடவில்லை.

வராந்தாவில் மாமாவிடம் சொன்னார்: "அது நிறையப் பிள்ளைங்கள ஒண்ணாச் சேர்த்துப் பார்த்த கணக்குப்பா. உன் பொண்ணுக்கு என்ன ஆகும்னு அது சொல்லாது. முதல் மாச மருந்து முடிஞ்சதும் எலும்பு மஜ்ஜைய எடுத்துப் பார்ப்போம், நோய் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு. எங்களுக்கு அதுதான் பெருசு."

"அப்ப பிழைச்சுடுவாளா?"

"தெரியாது. இங்க இருந்தா நல்ல வாய்ப்பு இருக்கு. வீட்டுக்குப் போனா இல்ல."

"அந்த முந்நூத்திப் பத்து?"

"இன்னைக்கு அதுக்கு ஒரே அர்த்தம்தான். சாதாரண சளி கூட அவளச் சாய்ச்சிடும். சளி, இருமல் இருக்கற யாரையும் கிட்ட விடாத."

 மாமா உள்ளே போனார். அக்கா அழுதுகொண்டே துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த வாலு, "அப்பா, மார்க் கம்மின்னு என்னை அனுப்பிடறாங்களா?" என்றாள்.

 

மாமா பதில் சொல்வதற்குள் அவர் அண்ணன் வேன் சாவியைச் சுழற்றியபடி வந்துவிட்டார். "எங்கடா பிள்ளை?" என்று கேட்டுவிட்டு, வார்டே திரும்பிப் பார்க்கும்படி இருமினார்.

மாமா போய் வாசலில் குறுக்கே கையை வைத்தார். "அங்கேயே நில்லு."

"டேய், நீதானடா வேன் கேட்ட?"

"கேட்டேன். இப்ப வேணாம்."

"எட்டி நிறுத்திப் பேசறியே, நான் உன் அண்ணன்டா!"

"அண்ணன் இருமினாலும் இருமல்தான். கிளம்பு."

அவர் கோபித்துக்கொண்டு படியிறங்கினார். அந்த இருமல் கீழ்த்தளம் வரைக்கும் கேட்டது. மாமா குழாயடிக்குப் போய் முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீயும் வந்து கழுவு. டாக்டர் ரூமுக்கெல்லாம் போய்ட்டு வந்திருக்க."