சலூன் பெஞ்சில் ஒரு குடும்பம்

பட்டறையில் அந்த வெல்டரை எல்லோரும் பட்டாசு என்றுதான் கூப்பிடுவார்கள். பற்ற வைக்கவே வேண்டாம், முறைத்தாலே வெடிப்பான். அவனுடைய அத்தானையே, கறுப்பு ஆட்களுக்கு இங்கே முடி வெட்டுவதில்லை என்று சொல்லி தெருமுனை சலூன்காரர் திருப்பி அனுப்பினால் சும்மா இருப்பானா? இரும்புக் கம்பியைப் பையில் போட்டுக்கொண்டான். சலூனின் ஆளுயரக் கண்ணாடியைத் தூளாக்கிவிட்டுத்தான் சோறு என்று சபதம் வேறு.

அக்கா வாசலை மறித்தாள். போன மாதம் பக்கத்துத் தெரு துணிக்கடையில் ஒரு பெண்ணை நிறத்தைச் சொல்லி விரட்டினார்கள். அதற்காக ஆத்திரப்பட்ட பையன்கள் சிலர் கடையைக் கொளுத்திவிட்டார்கள்.

"இன்னைக்கும் எரிஞ்ச கடையைப் பத்திதான்டா பேசுறாங்க. அந்தப் பொண்ண என்ன சொன்னாங்கன்னு ஒருத்தராவது கேட்டாங்களா?"

பட்டாசின் பையை அக்கா பிடுங்கிக்கொண்டாள். அவனுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

மறுநாள் கடை திறந்ததும் அக்கா, அத்தான், சித்தப்பா, சித்தி என்று குடும்பமே போய் பெஞ்சை அடைத்துக்கொண்டது. கம்பிப் பை அக்காவின் மடியில் பத்திரமாக இருந்தது. வெட்ட முடியாது என்றார் சலூன்காரர். பரவாயில்லை, காத்திருக்கிறோம் என்றாள் அக்கா. சித்தி பின்னல் ஊசியை எடுத்துக்கொண்டாள். வாடிக்கைக்காரர்களில் சிலர் முகம் சுளித்துத் திரும்பினார்கள், சிலர் கண்டுகொள்ளாமல் வெட்டிக்கொண்டு போனார்கள். நாலைந்து நாள் இதே கூத்துதான். பட்டாசு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அப்புறம் ஒரு நாள் தபால்காரர் வந்தார். அந்தக் கடையின் பழைய வாடிக்கை. சலூன்காரர் நாற்காலியைத் தட்டிக் கூப்பிட்டார்.

"இவங்க எனக்கு முன்னாடி வந்தவங்க. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்று தபால்காரர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

பின்னால் வந்தவர்களும் அவரைப் பார்த்து, நாற்காலியில் உட்காராமல் நின்றார்கள். நாற்காலி காலியாகவே கிடந்தது. சலூன்காரர் சீப்பைக் கழுவினார். கழுவிய சீப்பை மறுபடியும் கழுவினார். கடைசியில் வேறு வழியில்லாமல் பெஞ்சின் ஓரத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஓரத்தில் இருந்தது பட்டாசு.

உடைக்கக் கிளம்பியவன் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். சீக்கிரம் அனுப்பிவிடப் பார்த்த சலூன்காரர் கன்னத்தில் கத்தியை வேகவேகமாக இழுத்தார்.

"நிதானமா பண்ணுங்க. எங்களுக்கு அவசரமில்ல" என்றான் பட்டாசு.

இவன் வாயிலிருந்தா இந்த வார்த்தை என்று அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எதிர்க் கண்ணாடியில் பெஞ்சு முழுவதும் தெரிந்தது. சொந்தம் மொத்தமும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவதைப் பார்த்து அவனுக்கு மனசு நிறைந்துபோயிற்று.

சலூன்காரர் துண்டை உதறினார். எத்தனையோ வருடப் பழக்கம், எப்போதும் கேட்பதைக் கேட்டுவிட்டார்.

"அடுத்தது யாரு?"

அத்தான் எழுந்தார்.