எட்டு நிமிட நோயாளி

டாக்டர் ஆவதற்கான லைசென்ஸ் பரீட்சையில் நோயாளியாக நடிப்பதில் தையல்காரருக்கு ஆறு வருட அனுபவம். கடையை மகளிடம் விட்டுவிட்டு வருடத்துக்கு இரண்டு முறை போவார். நோய் விவரம் எழுதிக் கொடுத்த தாளை மனப்பாடம் செய்து, கட்டிலில் படுத்துக்கொண்டு, வருகிற ஒவ்வொருவரிடமும் அதையே புதிதாகச் சொல்ல வேண்டும். ஆளுக்கு எட்டு நிமிடம். மூலையில் ஒரு பெரிய டாக்டர் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். பரிவாக நடந்துகொண்டார்களா என்பதற்கு மட்டும் நோயாளியே போட வேண்டும். அப்போது தையல்காரர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். "ஊர்ல பாதி டாக்டருங்க என் வயித்தத் தட்டித்தான் பாஸானாங்க" என்று கடையில் பெருமையடித்துக்கொள்வார்.

ஒரு முறை அவருக்கு வாய்த்த வேஷம் நெஞ்செரிச்சல். வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் ஒன்றும் இருக்காது என்று தாளில் போட்டிருந்தது. பலர் கடமைக்கு நாலு இடம் அமுக்கிவிட்டுப் போனார்கள். ஏழாவதாக வந்த பெண் மட்டும் நிதானமாகத் தொட்டாள். வலது விலாவுக்குக் கீழே விரல்கள் நின்றன. நகர்ந்தன; திரும்பி அங்கேயே வந்தன.

"மூச்ச நல்லா இழுங்கய்யா."

இழுத்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு மூலைப் பக்கம் திரும்பி, "வயித்துல எதுவும் இல்ல சார்" என்றாள். எவ்வளவு பொறுப்பான பிள்ளை என்று நினைத்த தையல்காரர், தன் மதிப்பெண்ணை முழுசாகப் போட்டார்.

ஏழு மாதம் கழித்து, கண் மஞ்சளாகி, சாப்பாடு இறங்காமல் போனபோதுதான் மகள் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஸ்கேனில் கல்லீரலில் கட்டி தெரிந்தது. நன்றாக வளர்ந்துவிட்டது என்றார்கள். வார்டில் சேர்த்த அன்று மாலை, திரையை விலக்கிக்கொண்டு வந்த இளம் டாக்டரைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவளுக்கும்தான். கையிலிருந்த ஃபைலைத் திறக்காமலே நின்றாள். மகளைத் திரைக்கு வெளியே இருக்கச் சொன்னாள்.

"பாஸாயிட்ட போலம்மா."

"ஆயிட்டேன்யா."

"அன்னிக்கு உன் கை ஒரு எடத்துல நின்னுச்சு. ஏதாவது தட்டுப்பட்டுச்சா?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "கல்லீரல் பெருசா இருந்துச்சு."

"யார்கிட்டயும் சொல்லலையே."

"தாள்ல இல்லாதத இருக்குன்னு சொன்னா மார்க் போயிடும்யா. ஏற்கெனவே ரெண்டு தடவ ஃபெயில். அதுதான் கடைசி வாய்ப்பு. முடிஞ்சதும் வெளிய வந்து உங்ககிட்ட சொல்லிடலாம்னு நெனச்சேன்."

"நான் வாசல்லதான் நின்னேன். பஸ் வர அரை மணி ஆச்சு."

"பாத்தேன்யா."

நோய்க்கான பழியைக்கூட அவர் யார் தலையிலும் கட்டவில்லை. உடம்பென்றால் வரத்தான் செய்யும். ஆனால் அந்த 'பாத்தேன்' உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அன்று மழை வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு அவர் நின்றிருக்கிறார். பின்னால் எங்கேயோ நின்று இவள் அவரைப் பார்த்திருக்கிறாள்.

"வயித்த ஒரு தடவ பாக்கணும்யா" என்றாள்.

அவர் படுக்கவில்லை. சட்டை நுனியை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். திரைக்குக் கீழே மகளின் பாதங்கள் தெரிந்தன. கால் மாற்றிக் கால் ஊன்றியபடி, இடத்தை விட்டு நகராமல், அவை அங்கேயே காத்துக்கொண்டிருந்தன.