விரிப்பில் வைத்த மாத்திரை

நியேவெஸுக்கு நுரையீரலில் உயர் ரத்த அழுத்தம். எல் ஆல்தோ என்ற அந்த மலைநகரத்தின் உயரத்தில் காற்று கஞ்சத்தனமாகத்தான் கிடைக்கும்; அவளுக்கு அதுவும் எட்டவில்லை. டாக்டர் எழுதிக்கொடுத்த நீல மாத்திரையை மூன்று வேளையும் போட்ட பிறகுதான் உதட்டுக் கறுப்பு தெளிந்து, சந்தையில் மறுபடி கிழங்கு விற்க உட்கார்ந்தாள். வம்பு என்னவென்றால், ஆண்மைக்குப் போடுவதும் அதே மாத்திரைதான். ஊருக்கு அது ஒன்றுதான் தெரியும்.

மருந்துக்கடையில் அவளைப் பார்த்த ஒரு வாய் போதாதா? அவள் கணவன் தெமெத்ரியோ பேண்டு குழுவில் பெரிய குழல் ஊதுபவன். ஒத்திகையில் அவன் குழலைத் தூக்கினாலே சிரிப்பு. கடலே இல்லாத நாட்டில் இவன் மானம் மட்டும் கப்பலேறியது. வீட்டுக்கு வந்து டப்பாவை ஒளித்துவைத்தான். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னதை அவள் எடுத்துச் சொன்னாள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் வாசற்படி ஏறவே அவளுக்கு இரைத்தது. வந்த கோபத்தில் நேரே மருந்துக்கடைக்குப் போய்ப் புது டப்பா வாங்கினாள்.

அன்று மதியம் அப்தாபி. தெருவே கூடி, அவரவர் கொண்டுவந்ததை ஒரே விரிப்பில் கொட்டி, கையால் எடுத்துச் சாப்பிடுவார்கள். நியேவெஸ் தன் பங்குக் கிழங்கைக் கொட்டி, அதன்மேல் மாத்திரை டப்பாவை வைத்தாள்.

"என்ன அண்ணி, அண்ணனோட ராத்திரிச் சாப்பாடா?" என்றான், பேண்டு குழுவோடு உட்கார்ந்திருந்த முரசடிக்கிற ருஃபினோ.

"இது எனக்கு. என் நெஞ்சுக்கு. விரிப்புல வச்சதெல்லாம் பொது, இதுல மட்டும் பங்கு கிடையாது. சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சு முடிச்சிருங்க. நாளைக்கும் போடுவேன்."

தெமெத்ரியோ பல்லைக் கடித்தான். "வீட்டுக்குப் போய்ப் பேசலாம்."

"ஊருக்கே ஊதுற மூச்சு உன்கிட்ட இருக்கு. அதுலயா பங்கு கேட்டேன்? என் மூச்சை என்கிட்ட விடு."

எல்லார் கண் முன்னாலும் ஒரு மாத்திரையை விழுங்கினாள். தெமெத்ரியோ எழுந்து போனான். போகட்டும் என்று அவள் ஒரு கிழங்கை எடுத்து உரித்தாள்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தான். ஒளித்துவைத்த பழைய டப்பாவைக் கொண்டுவந்து புதியதன் பக்கத்தில் வைத்தான். பேண்டு குழு மொத்தமும் அவனையே பார்த்தது.

"அடுத்த வேளை எப்போ?" என்றான், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.