ஆறரை மணி டிக்டேஷன்

மாலை ஆறரைக்குக் கீழ்வீட்டு வங்காளி மாஷிமா விளக்கேற்றிச் சங்கு ஊதி முடித்ததும் ஸ்ரீனிவாசராகவன் பென்சிலைச் சீவிக்கொண்டு மேஜை முன் அமர்வார். எதிரே அவர் மனைவி பட்டு, கைகளை மடியில் கோத்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்தவளைப்போல. எழுபத்து நாலாம் வருஷத்து மழைக்காலம் முழுவதும் பவானிபூரின் அந்த மாடி அறையில் இப்படித்தான் பொழுது சாய்ந்தது. டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கு அவள் மனுப் போட்டிருந்தாள். வரும் திங்கட்கிழமை இன்டர்வியூ.

முறை அவர் வகுத்தது. அவள் பத்து நிமிஷம் இங்கிலீஷில் எதையாவது பேச வேண்டும். அவர் அதைச் சுருக்கெழுத்தில் எடுத்து, பிசகாமல் திரும்ப வாசித்து, பிழைகளைச் சுட்டுவார். சணல் கம்பெனியில் பதினைந்து வருஷமாக மானேஜர்களின் பேச்சை ஒரு சொல் சிந்தாமல் பிடித்த கை. நாலு வினைச்சொற்கள்தான் அவளைப் படுத்தின: ஸே, டெல், ஸ்பீக், டாக்.

“‘டெல்’லுன்னா யார்கிட்டேன்னு உடனே வரணும். ‘ஸே’க்கு அது வேண்டாம்.”

“நம்மாத்துல ‘சொல்லு’ன்னு ஒண்ணை வெச்சுண்டே காலம் ஓடலியா? இவாளுக்கு மட்டும் ஒரு வாய்க்கு நாலு வேலை!”

“வெள்ளைக்காரனைப் போய்க் கேளு.”

“அவன்தான் மூட்டை கட்டிண்டு போயிட்டானே, அவஸ்தையை என் தலையில இறக்கி வெச்சுட்டு.”

அப்போது அவர் சிரிக்கவில்லை. பின்னாட்களில் டிராமில் தனியாகப் போகும்போது அதை நினைத்துச் சிரித்ததுண்டு.

வியாழக்கிழமை அவள் வழக்கத்தைவிட நீளமாகப் பேசினாள். பென்சில் எங்கும் தயங்கவில்லை. பிழை வந்த இடங்களில் எழுதும்போதே அடிக்கோடு விழுந்தது.

“பதினோரு தப்பு” என்றார். “‘டெல்’ மட்டும் நாலு.”

“தப்பு கிடக்கட்டும்னா. நான் என்ன சொன்னேன்?”

அவர் நோட்டின் மேல் குனிந்தார்.

“அதைப் பார்க்காம சொல்லுங்கோ.”

அவரால் முடியவில்லை. காதிலிருந்து கைக்கு நேர்வழி. நடுவில் மனம் குறுக்கிட்டால் ஒரு சொல் தவறிவிடும். அப்படித்தான் பழகியிருந்தார், அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. பட்டு எழுந்து கீழே போய்விட்டாள்.

அதன் பின்னரே அவர் தம் சுருக்கெழுத்துக் கோடுகளை வாசித்தார். இரண்டு வருஷத்துக்கு முன், அவள் அம்மா இறந்துபோனதாகத் தந்தி வந்த காலையில், எதிர் மருந்துக்கடையிலிருந்து அவருடைய ஆபீஸுக்கு டெலிபோன் செய்திருக்கிறாள். யார், என்ன விஷயம் என்று ஆபரேட்டர் இங்கிலீஷில் கேட்டிருக்கிறாள். இவளுக்கு வாயில் ஒரு சொல் எழவில்லை. ஆபரேட்டர் டெலிபோனை வைத்துவிட்டாள். இரண்டாம் முறையும் அப்படியே. அவர் வரும்வரை மாஷிமாவின் மடியில் தலை வைத்துக் கிடந்திருக்கிறாள். என்னைப்போல் ஒருத்தி கூப்பிட்டால் நான் வைத்துவிட மாட்டேன் என்பது கடைசி வரி. அதில் மட்டும் இரண்டு அடிக்கோடுகள்.

அன்று காலை அவர் ஆபீஸில் அந்த ஆபரேட்டரின் டெலிபோனுக்குப் பத்தடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். இத்தனை நாள் அவள் தமிழில் இதைச் சொன்னதில்லை. சொல்லும்படி அவர் எப்போதாவது கேட்டதுண்டா என்று யோசித்துப் பார்த்தார்.

படியிறங்கினார். மாஷிமாவின் சமையலறைக் கதவு திறந்திருந்தது. இங்கிலீஷில் ஓரெழுத்தும் அறியாத அந்த வங்காளி அம்மாள் காய் நறுக்கியபடி, “போலோ மா, போலோ” என்று, மேலே சொல்லச் சொல்லித் தலையாட்டிக்கொண்டிருந்தாள். வாசலுக்கு முதுகு காட்டி அமர்ந்திருந்த பட்டு, இங்கிலீஷில், கல்யாணமாகி ஹவுராவில் வந்திறங்கிய நாளைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கூட்டத்தைக் கண்டு மிரண்டாளாம். அவர் இவள் கையைப் பிடித்துக்கொண்டாராம். ஆற்றைக் கடக்கும் ஃபெரிப் படகின் படித்துறை வரை விடவேயில்லையாம். அவர் அதை அடியோடு மறந்திருந்தார்.

அவருடைய வலக்கை விரல்கள் படிக்கட்டின் கைப்பிடியில் தாமாகவே கோடு கிழிக்கத் தொடங்கின. இடக்கையால் அவற்றை இறுகப் பற்றிக்கொண்டு அங்கேயே நின்றார். உள்ளே பட்டு, தன் இங்கிலீஷில், நனைந்த பலகைமேல் ஒரு கால் வைத்து, ஃபெரியில் ஏறிக்கொண்டிருந்தாள்.